வாடகையும் குத்தகையும்: ஆங்கிலச் சொற்குடும்பங்கள்

க.பொ.த. சாதாரண தர ஆங்கில மொழி வினாத்தாளில் இடைவெளி நிரப்பல், அறிவித்தல் எழுதுதல், கடிதம் எழுதுதல், வாசிப்பு விளக்கம் ஆகியன இடம்பெறுவதை மாணவர்கள் அறிவீர்கள். இவை எல்லாவற்றிலும் புள்ளிகளைப் பெற்றுத் தருவது சொல்வளம். சொற்களை ஒவ்வொன்றாக மனனம் செய்வோர் சில வாரங்களில் மறந்துவிடுகின்றனர். ஒரு வேரிலிருந்து பிறந்த சொற்களைக் குடும்பமாகக் கற்போருக்கு ஒரு சொல் மற்றொன்றை நினைவூட்டும். இவ்வலகில் வீடு, காணி, அறை ஆகியவற்றை வாடகைக்கும் குத்தகைக்கும் கொடுத்தல், எடுத்தல் தொடர்பான சொற்குடும்பங்களைப் பார்ப்போம்.

கவனிக்க: ஆங்கிலச் சொற்கள் இங்கே தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன. எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. வாசிக்கும்போதே அவற்றை ஆங்கில எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதிப் பார்த்த சொல்லே பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்கும்.

1. இச்சொற்கள் நமக்கு ஏன் தேவை?

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில் பாசிக்குடா அமைந்துள்ளது. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் ஆழம் குறைந்திருக்கும் கடல் என்பதால் இக்குடா பெயர் பெற்றது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியும் நீண்டகால யுத்தமும் இப்பகுதியைச் சிதைத்தன. 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் பாசிக்குடா சுற்றுலா வலயமாக அபிவிருத்தி செய்யப்பட்டது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் ஊடாகக் கரையோரக் காணிகள் ஹோட்டல் முதலீட்டாளர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு வழங்கப்பட்டன. 2011 முதல் புதிய ஹோட்டல்கள் திறக்கப்பட்டன.

இந்த ஒரு செய்தியை ஆங்கிலத்தில் எழுதவே லீஸ், லெசோர், லெசீ, பிரெமிசெஸ் என்ற சொற்கள் தேவைப்படுகின்றன. கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ ஒரு குடும்பம் தன் வீட்டில் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விட விரும்பினால் ரென்ற், டிப்போசிற், அட்வான்ஸ் என்ற சொற்கள் தேவை. ஹோட்டலில் பயிற்சிக்குச் சேரும் இளைஞர் வாடகை அறை தேடும்போதும் அவையே தேவை. வீட்டில் பெரியவர்கள் கையொப்பமிடப் போகும் ஆங்கிலப் பத்திரத்தை வாசித்துச் சொல்லும் பொறுப்பு பல குடும்பங்களில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளையின் மீதே விழுகிறது. அங்கே ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டால் இழப்பது இரண்டு புள்ளிகள் மட்டுமல்ல.

2. ரென்ற் குடும்பம்

ரென்ற் என்பதன் எழுத்துக்கூட்டல் ஆர் – ஈ – என் – ரி. பெயர்ச்சொல்லாக வரும்போது இது வாடகைப் பணத்தைக் குறிக்கும். வினைச்சொல்லாக வரும்போது வாடகைக்கு எடுத்தலைக் குறிக்கும். பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்த இச்சொல்லின் இலத்தீன் மூலத்திற்கு ‘திருப்பிக் கொடுத்தல்’ என்பது பொருள். ஒருவருடைய வீட்டைப் பயன்படுத்துவதற்குப் பதிலாக நாம் திருப்பிக் கொடுப்பதே வாடகை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சேவையை வழங்குதல் என்ற பொருளுடைய ரென்டர், சரணடைதல் என்ற பொருளுடைய சரென்டர் ஆகியனவும் இதே வேரிலிருந்து வந்தவை.

ரென்ற் – வாடகை, வாடகைக்கு எடு.
ரென்றெட் – வாடகைக்கு எடுக்கப்பட்ட.
ரென்ரல் – வாடகைத் தொகை; வாடகை தொடர்பான.
ரென்ரர் – வாடகைக்கு எடுத்தவர்.
ரென்ற் அவுற் – வாடகைக்குக் கொடு.
ரென்ற் ஃப்ரீ – வாடகையின்றி.

தமிழ் பேசும் மாணவர்கள் அதிகம் விடும் பிழை இங்குதான் உள்ளது. ‘வாடகை வீடு’ என்று நாம் சொல்வதால் ‘ரென்ற் ஹவுஸ்’ என்று எழுதிவிடுகின்றனர். அது பிழை. வீடு வாடகைக்கு எடுக்கப்பட்டது ஆகையால் ‘ரென்றெட் ஹவுஸ்’ என்றே எழுதவேண்டும். அதாவது ரென்ற் என்பதுடன் ஈ – டி சேரவேண்டும்.

மற்றொரு குழப்பமும் உண்டு. தமிழில் ‘வாடகைக்குக் கொடுத்தேன்’, ‘வாடகைக்கு எடுத்தேன்’ என்று இரண்டு வினைகள் இருப்பதால் ஐயம் எழுவதில்லை. ஆங்கிலத்தில் ரென்ற் என்ற வினை இரு பக்கத்துக்கும் வரக்கூடும். ஆகவே பின்வரும் சிறு சொல்லே பொருளைத் தெளிவாக்குகிறது. ‘ரென்ற் ஃப்ரொம்’ என்றால் ஒருவரிடமிருந்து எடுத்தல். ‘ரென்ற் ரு’ என்றால் ஒருவருக்குக் கொடுத்தல். ஐயமின்றிக் கொடுத்தலை மட்டும் சொல்ல ‘ரென்ற் அவுற்’ என்று எழுதலாம்.

ரென்ற் என்று அதே எழுத்துகளுடன் வேறொரு சொல்லும் உண்டு. அது துணி போன்றவற்றில் ஏற்படும் கிழிசலைக் குறிக்கும். அது பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. வாடகைக்கும் அதற்கும் உறவில்லை. வாசிப்புப் பகுதியில் பாய்மரம், சேலை, கூடாரம் ஆகியவற்றோடு இச்சொல் வந்தால் வாடகை என்று கொள்ளவேண்டாம்.

3. லெற் என்ற சிறு சொல்

எல் – ஈ – ரி என்ற மூன்றெழுத்துச் சொல்லை ‘அனுமதி’ என்ற பொருளில் நீங்கள் கீழ் வகுப்பிலேயே கற்றிருப்பீர்கள். வீடு, அறை பற்றிய பேச்சில் இதற்கு ‘வாடகைக்கு விடு’ என்பது பொருள். நாமும் ‘வீட்டை வாடகைக்கு விட்டார்’ என்றுதானே சொல்கிறோம். இங்கே தமிழ் ‘விடு’ என்பதும் ஆங்கில லெற் என்பதும் ஒன்றுபோல் நடக்கின்றன. இவ்வினையின் மூன்று வடிவங்களும் ஒன்றே: லெற், லெற், லெற். ஈ – டி சேர்க்கக்கூடாது.

வீட்டுப் படலையில் தொங்கும் ‘ரு லெற்’ என்ற பலகைக்கு ‘வாடகைக்கு விடப்படும்’ என்பது பொருள். இது இரண்டு தனிச் சொற்கள். சேர்த்தெழுதி நடுவில் ஐ என்ற எழுத்தை நுழைத்தால் ரொயிலெற் ஆகிவிடும். அறிவித்தல் எழுதும்போது இடைவெளியில் கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

லெற் என்பதன் முன் சப் என்பதைச் சேர்த்தால் சப்லெற். வாடகைக்கு எடுத்தவர் அதையே மூன்றாம் ஒருவருக்கு வாடகைக்கு விடுதலை இது குறிக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி இது தடைசெய்யப்பட்டிருக்கும்.

4. லீஸ் குடும்பம்

லீஸ் என்பதன் எழுத்துக்கூட்டல் எல் – ஈ – ஏ – எஸ் – ஈ. குறித்த காலத்துக்கு, எழுதப்பட்ட நிபந்தனைகளுடன் காணியையோ கட்டடத்தையோ ஒருவரிடம் ஒப்படைத்தலை இது குறிக்கும். நமது ‘குத்தகை’ என்ற சொல்லுக்கு இது நெருக்கமானது. மட்டக்களப்பு வயல்களில் போடியார் எனப்படும் பெரிய நிலவுடைமையாளர் தம் காணியை விவசாயிக்குக் குத்தகைக்குக் கொடுப்பதும், ஏக்கருக்கு இத்தனை மூடை நெல் என்று பேசிக்கொள்வதும் பலரும் அறிந்த வழக்கம். பணத்துக்குப் பதிலாக நெல் கொடுத்தாலும் அதுவும் ஒருவகை ரென்ற்தான்.

ரென்ற், லீஸ் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறு விளங்கிக்கொள்ளுங்கள். லீஸ் என்பது ஒப்பந்தம். ரென்ற் என்பது அவ்வொப்பந்தத்தின் கீழ் கொடுக்கப்படும் தொகை. ஆகவே ஒரு லீஸ் பத்திரத்தினுள் ரென்ற் என்ற சொல் வருவது இயல்பே. அன்றாடப் பேச்சில் மாதந்தோறும் நடக்கும் குறுகிய ஏற்பாட்டை ரென்ற் என்றும், ஆண்டுக்கணக்கில் செல்வதை லீஸ் என்றும் சொல்கின்றனர்.

லீஸ் என்பதன் மூலம் ‘தளர்ந்த’ என்ற பொருளுடைய லக்சுஸ் என்ற இலத்தீன் சொல். பிடித்திருந்த பிடியைத் தளர்த்தி மற்றவர் கையில் விடுவதே குத்தகை. ரிலீஸ், ரிலாக்ஸ் ஆகியனவும் இவ்வேரிலிருந்து வந்தவை. திரைப்படம் ரிலீஸ் ஆவதும், பரீட்சை முடிந்து ரிலாக்ஸ் பண்ணுவதும் இக்குடும்பத்துச் சொற்களே. நாயைக் கட்டி அழைத்துச் செல்லும் வாரைக் குறிக்கும் லீஷ் என்பதும் இவற்றின் உறவுதான். ஆனால் பிளீஸ், லெஷர் ஆகியன ஓசையில் ஒத்திருந்தாலும் வேறு வேர்களைச் சேர்ந்தவை.

லீஸ் – குத்தகை; குத்தகைக்குக் கொடு அல்லது எடு.
லீஸ்ட் – குத்தகைக்கு விடப்பட்ட.
லெசோர் – குத்தகைக்குக் கொடுப்பவர்.
லெசீ – குத்தகைக்கு எடுப்பவர்.
லீஸ்ஹோல்ட் – குத்தகை அடிப்படையிலான உரிமை.
சப்லீஸ் – கீழ்க்குத்தகை.

எழுத்துக்கூட்டலில் கவனம்: லீஸ் என்பதில் ஏ என்ற எழுத்து உண்டு, எஸ் ஒன்று மட்டுமே. லெசோர் என்பதில் ஏ இல்லை, எஸ் இரண்டு: எல் – ஈ – எஸ் – எஸ் – ஓ – ஆர். லெசீ என்பதிலும் எஸ் இரண்டு, ஈற்றில் ஈ இரண்டு.

லீஸ்ஹோல்ட் என்பதன் எதிர்ச்சொல் ஃப்ரீஹோல்ட். அது கால எல்லையற்ற முழு உரிமையைக் குறிக்கும். குத்தகைக் காலம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் உரிமை கைமாறுவதில்லை என்பதே இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு. 1898 இல் பிரித்தானியா ஹொங்கொங்கின் புதிய பிரதேசங்களைச் சீனாவிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. அக்காலம் முடிந்த 1997 இல் ஹொங்கொங் சீனாவிடம் திரும்பியது. 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் தொடர்பாக இலங்கை சீன நிறுவனம் ஒன்றுடன் செய்துகொண்ட ஒப்பந்தமும் 99 ஆண்டுக் காலத்துக்கானது. 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியின் உரித்தைக் கைமாற்றுவதைப் பொதுவாகத் தடைசெய்து, 99 ஆண்டுகள் வரையான குத்தகைக்கு இடமளித்தது. ஆகவே செய்தித்தாளில் லீஸ் என்று வாசிக்கும்போது, ‘விற்றுவிட்டார்கள்’ என்று மொழிபெயர்ப்பது பிழையாகும். விற்பனை என்பதற்கு சேல் என்ற வேறு சொல் உண்டு.

5. ஓர், ஈ என்னும் இரு வால்கள்

லெசோர், லெசீ ஆகிய இரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர். இதற்கு ஓர் எளிய விதி உண்டு. செயலைச் செய்பவர் அல்லது கொடுப்பவர் பெயர் ஓ – ஆர் அல்லது ஈ – ஆர் என முடியும். அச்செயலை ஏற்பவர் பெயர் ஈ – ஈ என முடியும்.

எம்ப்ளோயர் வேலை கொடுப்பவர். எம்ப்ளோயீ வேலை பெற்றவர்.
ரெயினர் பயிற்சி அளிப்பவர்; ரெயினீ பயிற்சி பெறுபவர்.
பேயர் பணம் செலுத்துபவர். பேயீ பணம் பெறுபவர். காசோலையில் நீங்கள் காணும் சொல் இதுவே.
லெசோர் குத்தகை கொடுப்பவர். லெசீ குத்தகை பெறுபவர்.

பாசிக்குடாக் கரையில் அரச காணியைப் பெற்ற ஹோட்டலைப் பொறுத்தவரை அரச தரப்பு லெசோர், ஹோட்டல் நிறுவனம் லெசீ. அந்த ஹோட்டல் அறையில் இரண்டு நாள் தங்கும் பயணி லெசீ அல்லர். அவர் கெஸ்ற், அதாவது விருந்தினர்.

இவ்விதி ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அது மோர்கேஜ் என்ற சொல். வங்கி கடன் கொடுக்கிறது, ஆகவே வங்கியே மோர்கேஜர் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் மோர்கேஜ் என்பது கடன் அன்று, ஈடு. ஈட்டைக் கொடுப்பவர் வீட்டுக்காரர். ஆகவே அவரே மோர்கேஜர். ஈட்டைப் பெறும் வங்கி மோர்கேஜீ. யார் பணம் கொடுக்கிறார் என்று பார்க்காமல், அச்சொல் குறிக்கும் பொருளை யார் கொடுக்கிறார் என்று பார்த்தால் பிழை நேராது.

விதிக்கு விலக்கும் உண்டு. அப்சென்ரீ என்பவர் தாமே சமுகமளிக்காதவர். வயற்காணி ஓரிடத்தில் இருக்க, உரிமையாளர் வேறு நகரில் வாழ்ந்தால் அவரை அப்சென்ரீ லான்ட்லோட் என்பர்.

6. ரெனன்ற்: பிடித்திருப்பவர்

வாடகைக்குக் குடியிருப்பவரைக் குறிக்கும் பொதுச் சொல் ரெனன்ற். எழுத்துக்கூட்டல் ரி – ஈ – என் – ஏ – என் – ரி. இதன் மூலமாகிய இலத்தீன் வினைக்குப் ‘பிடித்திரு’ என்பது பொருள். வீட்டைச் சொந்தமாக்காமல் கையில் வைத்திருப்பவரே ரெனன்ற். கொன்ரெயின் என்றால் உள்ளே பிடித்திரு, அதாவது உள்ளடக்கு. ரீரெயின் என்றால் திரும்பப் பிடித்திரு, அதாவது தக்கவை. மெயின்ரெயின் என்றால் பேணு. இவை மூன்றும் ஒரே குடும்பம்.

இராணுவத்தில் லெப்டினன்ற் என்ற பதவியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அச்சொல்லின் முன்பாதிக்கு இடம் என்றும் பின்பாதிக்குப் பிடித்திருப்பவர் என்றும் பொருள். மேலதிகாரியின் இடத்தைப் பிடித்திருப்பவர் என்பதே அதன் கருத்து.

ரெனன்ற் என்பதிலிருந்து ரெனன்சி என்ற பெயர்ச்சொல் வருகிறது. அது குடியிருப்பு உரிமையை அல்லது அக்காலத்தைக் குறிக்கும்.

ரெனன்ற் என்பவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் லான்ட்லோட். பெண் உரிமையாளராயின் லான்ட்லேடி. லோட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘பாண் காப்பவர்’ என்ற பொருளுடைய கூட்டுச்சொல்லாக இருந்தது. வீட்டாருக்கு உணவளிப்பவரே தலைவர் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. ஒருவருக்குக் காணி இல்லாமல் வீடு மட்டும் இருந்தாலும், வாடகைக்கு விட்டால் அவர் லான்ட்லோட்தான்.

7. ஒப்பந்தத்தில் வரும் பிற சொற்கள்

பிரெமிசெஸ்: கட்டடமும் அதனைச் சேர்ந்த வளவும். இது எப்போதும் பன்மையாகவே எழுதப்படும். இதன் இலத்தீன் மூலத்துக்கு ‘முன்னர் சொல்லப்பட்டது’ என்பது பொருள். பழைய உறுதிகளில் ஒருமுறை வீட்டை விவரித்துவிட்டு, பின்னர் ‘முற்கூறியது’ என்றே எழுதி வந்தனர். காலப்போக்கில் அச்சொல்லே வீட்டையும் வளவையும் குறிக்கலாயிற்று.

மோர்கேஜ்: ஈடு. எழுத்துக்கூட்டல் எம் – ஓ – ஆர் – ரி – ஜி – ஏ – ஜி – ஈ. நடுவிலுள்ள ரி ஒலிப்பதில்லை. இதன் நேர்ப்பொருள் ‘இறந்த பிணை’ என்பதாகும்.

டிப்போசிற்: பிணையாக வைக்கும் தொகை. வீட்டுக்குச் சேதம் இல்லையெனில் இறுதியில் திரும்பக் கிடைக்கும். அத்தொகை ரிஃபன்டபிள் எனப்படும். திரும்பக் கிடைக்காதது நொன் ரிஃபன்டபிள். இந்த நொன் என்ற முன்னொட்டைக் கவனியாமல் கையொப்பமிட்டவர் பின்னர் பணத்தைக் கேட்க முடியாது.

அட்வான்ஸ்: முற்பணம். இது பெரும்பாலும் வாடகையில் கழிக்கப்படும். உதாரணமாக, மாத வாடகை 15,000 ரூபா, முற்பணம் ஆறு மாத வாடகை என்று கொள்வோம். முற்பணம் 90,000 ரூபா. மாதந்தோறும் அதில் 7,500 ரூபா கழிப்பதாக ஒப்புக்கொண்டால், குடியிருப்பவர் கையிலிருந்து கொடுக்கவேண்டியது மாதம் 7,500 ரூபா மட்டுமே. முற்பணம் 12 மாதங்களில் முடிவடையும். கழித்தல் என்பதற்கு டிடக்ற் என்ற வினையும் டிடக்ஷன் என்ற பெயரும் வரும்.

ரிசீற்: பற்றுச்சீட்டு. எழுத்துக்கூட்டல் ஆர் – ஈ – சி – ஈ – ஐ – பி – ரி. இங்கு பென் என்ற சொல்லின் முதலெழுத்தாகிய பி ஒலிப்பதில்லை. ரிசீவ் என்ற வினையின் பெயர்ச்சொல் இது. வாடகை கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பெறவேண்டியது.

அரியர்ஸ்: நிலுவை. இதுவும் எப்போதும் பன்மை. கொடுக்கவேண்டிய நாள் வந்த தொகை டியூ. அந்நாள் கடந்துவிட்டால் ஓவர்டியூ.

வக்கேற்: வீட்டைக் காலி செய். வெறுமை என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த பெரிய குடும்பம் இது. வக்கன்ற் என்றால் காலியான. வக்கன்சி என்றால் வெற்றிடம். வேலை விளம்பரத்திலும் விடுதி வாசலிலும் இதைக் காணலாம். வக்கேஷன் என்றால் விடுமுறை. எவக்குவேற் என்றால் ஆபத்தான இடத்திலிருந்து மக்களை வெளியேற்று. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது நமது கரையோர மக்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தமை எவக்குவேஷன் ஆகும். அதை எவிக்ஷன் என்று எழுதினால் பொருள் முற்றிலும் மாறிவிடும்.

எவிக்ற்: குடியிருப்பவரைச் சட்டப்படி வெளியேற்று. வெற்றிகொள் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. விக்ரறி, கொன்விக்ற் ஆகியன இதன் உறவினர்.

பெர்மிற்: அனுமதிப்பத்திரம். 1935 இன் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணி பெற்ற பல குடும்பங்களிடம் இது உண்டு. பெர்மிற் என்பது லீஸ் அன்று, உறுதியும் அன்று. அதிலுள்ள நிபந்தனைகளுக்கு மாறாகக் காணியைக் கைமாற்ற இயலாது. பெர்மிஷன், பெர்மிசிபிள் ஆகியன இதன் குடும்பம்.

8. ஹயர், லீசிங்

‘வான் ஹயருக்குப் போய்விட்டது’ என்று நம்மூரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குறுகிய நேரத்துக்கு வாகனம், கதிரை, கூடாரம், ஒலிபெருக்கி போன்றவற்றை எடுப்பதற்கு ஹயர் என்பதே பொருத்தமான சொல். வீட்டுக்கு ஹயர் என்று எழுதுவது பொருந்தாது. ஆளை வேலைக்கு அமர்த்துவதையும் ஹயர் குறிக்கும்.

லீசிங் என்ற சொல்லை முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் வாங்குவதோடு சேர்த்தே நாம் பெரிதும் அறிவோம். அங்கும் அதே கருத்துத்தான். லீசிங் ஒப்பந்தம் நிலவும் காலம் முழுவதும் நிதி நிறுவனம் லெசோர், வண்டியை ஓடுபவர் லெசீ. தவணைகள் அரியர்ஸ் ஆனால் வண்டி ஏன் திரும்ப எடுக்கப்படுகிறது என்பது இச்சொற்களின் பொருளிலேயே அடங்கியுள்ளது. வண்டி வீட்டு வாசலில் நின்றாலும் முழு உரிமை இன்னும் கைக்கு வரவில்லை.

9. ஒப்பந்தம் ஒன்றை வாசிக்கும் முறை

இலங்கையில் 1840 இன் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான காணி, வீட்டுக் குத்தகை செல்லுபடியாக வேண்டுமானால் அது எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட வேண்டும். நொத்தாரிசு என்பதன் ஆங்கிலம் நோட்டரி. சாட்சி என்பதன் ஆங்கிலம் விற்னஸ். வெறும் வாய்ப்பேச்சில் ஐந்து ஆண்டுக் குத்தகை எடுத்தவர் பின்னர் சட்டத்தின் முன் சிரமப்படுவதற்குக் காரணம் இதுவே.

பத்திரத்தையோ வாசிப்புப் பகுதியையோ கையில் எடுத்ததும் பின்வரும் ஐந்து வினாக்களுக்கு விடை தேடுங்கள்.

முதலாவது, லெசோர் யார், லெசீ யார்?
இரண்டாவது, ரேர்ம் எவ்வளவு? பாடசாலைத் தவணையைக் குறிக்கும் அதே சொல் இங்கு குத்தகைக் காலத்தைக் குறிக்கும். பன்மையில் வந்தால் நிபந்தனைகள் என்று பொருள்.
மூன்றாவது, ரென்ற் எவ்வளவு, எந்த நாளில் டியூ ஆகிறது?
நான்காவது, நோட்டிஸ் எத்தனை மாதம்? இது சுவரில் ஒட்டும் அறிவித்தல் அன்று; காலி செய்வதற்கு முன் கொடுக்கவேண்டிய முன்னறிவித்தல்.
ஐந்தாவது, திருத்த வேலைகளும் மின்கட்டணமும் யாருடைய பொறுப்பு? திருத்தத்துக்கு ரிப்பெயர்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள்.

ஒப்பந்த மொழியில் ஷல் என்றால் ‘கட்டாயம் செய்யவேண்டும்’. மே என்றால் ‘விரும்பினால் செய்யலாம்’. ஷல் நொற் என்றால் ‘செய்யக்கூடாது’. ஒரு வரியில் இம்மூன்றில் எது உள்ளது என்று பார்த்து அடிக்கோடிடுங்கள். கடமை எது, உரிமை எது, தடை எது என்பது உடனே தெரிந்துவிடும்.

10. மாதிரி அறிவித்தல்

வினா: கல்குடாவில் உள்ள உங்கள் மாமாவின் வீட்டை வாடகைக்கு விடுவதற்கு ஓர் அறிவித்தல் எழுதுக.

தலைப்பு: ஹவுஸ் ஃபோர் ரென்ற்
இடம்: நியர் கல்குடா ரெயில்வே ஸ்ரேஷன்
வசதிகள்: ரூ பெட்றூம்ஸ், கிச்சின், வெல் வோற்றர், இலெக்றிசிற்றி
வாடகை: ருப்பீஸ் 15,000 பெர் மன்த்
முற்பணம்: சிக்ஸ் மன்த்ஸ் அட்வான்ஸ்
காலம்: அவெய்லபிள் ஃப்ரொம் ஜனுவரி ஃபேர்ஸ்ற்
தொடர்பு: தொலைபேசி இலக்கத்துக்கு உரிய இடம்

அறிவித்தலில் முழு வாக்கியங்கள் தேவையில்லை. ஆனால் தலைப்பு, இடம், தொகை, திகதி, தொடர்பு ஆகிய ஐந்தும் விடுபடக்கூடாது. தளபாடங்கள் உள்ள வீடாயின் ஃபேர்னிஷ்ட் என்றும், இல்லையெனில் அன்ஃபேர்னிஷ்ட் என்றும் சேர்க்கலாம்.

11. பயிற்சி

கீழுள்ள கூட்டத்திலிருந்து பொருத்தமான சொல்லைத் தெரிந்து ஆங்கில எழுத்தில் எழுதுக.

ரென்றெட், லெசீ, ரிசீற், வக்கேற், மோர்கேஜீ, சப்லெற், அரியர்ஸ், ஹயர்

அ. வங்கியில் வீட்டை ஈடுவைத்துக் கடன் பெற்றால் அவ்வங்கி எவ்வாறு அழைக்கப்படும்?
ஆ. ‘தே லிவ் இன் எ ______ ஹவுஸ்.’
இ. மூன்று மாத வாடகை செலுத்தப்படவில்லை. அத்தொகை எது?
ஈ. குத்தகைக்கு எடுத்தவர்.
உ. பணம் கொடுத்ததற்கான அத்தாட்சி.
ஊ. ‘த ரெனன்ற் ஷல் நொற் ______ த பிரெமிசெஸ்’ – மூன்றாம் ஒருவருக்கு விடக்கூடாது.
எ. சுற்றுலாவுக்கு ஒருநாள் வான் எடுத்தல்.
ஏ. குத்தகைக் காலம் முடிந்ததும் குடியிருப்பவர் செய்யவேண்டியது.

விடைகள்: அ. மோர்கேஜீ. ஆ. ரென்றெட். இ. அரியர்ஸ். ஈ. லெசீ. உ. ரிசீற். ஊ. சப்லெற். எ. ஹயர். ஏ. வக்கேற்.

நினைவிற் கொள்க: கொடுப்பவர் ஓ – ஆர், பெறுபவர் ஈ – ஈ. லீஸ் என்பது ஒப்பந்தம், ரென்ற் என்பது தொகை. பிரெமிசெஸ், அரியர்ஸ் எப்போதும் பன்மை. இம்மூன்று வரிகளையும் கொப்பியின் பின்னட்டையில் எழுதிவையுங்கள். அடுத்த முறை வீட்டுக்கு ஓர் ஆங்கில ஒப்பந்தப் பத்திரம் வந்தால், முதலில் லெசோர் எங்கே, லெசீ எங்கே என்று தேடி, பெரியவர்களின் பெயர் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.